கழுகு கொண்டுபோன தாலிக்கொடி

லண்டன் டூட்டிங் பக்கத்தில் றஜீனாவைத் தெரியாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருக்குமானால், அந்த வீட்டில் இன்னும் ஒரு நல்ல காரியமும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஞானஸ்நானம், முதல்நன்மை, சாமத்தியவீடு, கலியாணம், அறுபதாம் பிறந்தநாள், எதுவென்றாலும் கமெராவோடு முன்னுக்கு நிற்பவள் அவள்தான். பேசாலையில் பிறந்து, ஜேர்மனியில் படம் கழுவும் கடையொன்றில் இருட்டறை வேலை பழகி, பிறகு புருசனையும் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் இன்னும் இருபதிலேயே நிற்கிறது.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. "அசையாதேங்கோ!" என்று ஒரு சத்தம் போட்டாளென்றால், மாலையைத் தூக்கிய மாப்பிள்ளை தூக்கியபடியே நிற்பான். கேக் ஊட்ட வந்த மாமியார் கையை நீட்டியபடியே நிற்பாள். ஞானஸ்நானத் தண்ணீரை ஊற்றப்போகும் பாதரிடமே, "பாதர், அப்பிடியே பிடியுங்கோ" என்பாள். பாதரும் பிடிப்பார். தொட்டிலை விட்டு வந்த பிள்ளை ஒன்றுதான் அவள் சொல்லுக் கேளாமல் கத்தும். ஆக, தன் தொழிலில் அவள் ஓடிப்போய் ஒன்றையும் பிடித்ததில்லை. மற்றவர்கள்தான் அவளுக்காக நின்றார்கள்.

அப்படிப்பட்டவளைப் போன செப்டெம்பரில் இரண்டு கழுகுக் குஞ்சுகள் ஈரப் புல்லில் மல்லாக்கக் கிடத்திவிட்டன. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஒன்று: செபமாலைமுத்து அண்ணையின் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது.

செபமாலைமுத்து அண்ணையின் பெண்சாதி மேரிசாந்தி, றஜீனாவின் உயிர்ச் சிநேகிதி. அவர்களுடைய மகன் நிஷாந்த், றஜீனாவின் ஞானப்பிள்ளை. அவனுக்கும் ஃபாரஸ்ட் கேட் பக்கத்துப் பெட்டை அனோஜினிக்கும் கலியாணப் பதிவு எழுதியாகிவிட்டது. அனோஜினி தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரியின் கலியாணத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு ஆந்தை பறந்து வந்து மோதிரம் கொடுத்ததாம். பெட்டைக்கு ஆசை வந்துவிட்டது.

"கலியாணத்துக்கு ஆந்தையோ?" மேரிசாந்தி நெஞ்சில் கை வைத்தாள். "என்ர மாதாவே! ஆந்தை அலறினால் அங்கால சாவீடு எண்டெல்லோ சொல்லுறவை. பிள்ளை, மாமி உனக்கு என்ன குறை வைச்சனான்?"

பிள்ளையின் முகம் வாடிவிட்டது. மேரிசாந்திக்கு வாய் துடுக்கு, மனசு பச்சைத் தண்ணீர். வாடின முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன அவளால் ஏலாது. அடுத்த ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பளிச்சென்று ஒன்று பட்டது. அந்தப் பீடமே சிறகு விரித்த பித்தளைக் கழுகு. கோயிலுக்குள்ளேயே கழுகு இருக்கிறதென்றால் கழுகில் தோஷம் இருக்க நியாயமில்லை அல்லவா? அந்த ஆந்தையைப் பறக்கவிட்ட ஹெலனிடம் விசாரித்தார்கள். கழுகும் உண்டாம், அமெரிக்கக் கழுகு, வெண்தலைக் கழுகு. பாதரிடம் கேட்டார்கள். "எங்கட பித்தளைக் கழுகு போதும். அது கீழ ஒண்டும் போடாது" என்று பாதர் கதையை முடித்துவிட்டார்.

சரி, கோயிலுக்குள் இல்லையென்றால் என்ன, கலியாணத்துக்கு முதல்நாள் அவுட்டோர் சூட் இருக்கிறதே! பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒரு குளத்தங்கரையில் நின்று, வாழ்க்கையில் இப்போதுதான் முதன்முதல் சந்தித்ததுபோல ஒருவரை ஒருவர் பார்க்கும் படங்கள். இப்போது லண்டனில் அது இல்லாத கலியாணம் கலியாணமே இல்லை. கழுகு தாலிக்கொடியைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் கையில் கொடுப்பதுபோல ஒரு படம் எடுத்துவிட்டால், மண்டபத்துப் பெரிய திரையில் போடலாம். பார்க்கிற சனம் வாயில் கை வைக்கும். மேரிசாந்தியின் கணக்கு அது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மோடன் பக்கத்தையும் தாண்டி, நடுவில் சின்னத் தீவும் கரையில் மிதிபடகுகளும் உள்ள ஒரு ஏரிக்குப் போனார்கள். றஜீனா, மேரிசாந்தி, கலியாணச் சோடி. கழுகுக்காரி ஹெலன் முன்னமே வந்து நின்றாள். இரண்டு பறவைகள், அண்ணனும் தங்கையும், அந்த வருஷம் சித்திரையில் பொரித்தவை. உடம்பு முழுக்க மண்ணிறம். செட்டைக்கு அடியில் மட்டும் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெள்ளை.

"எடி றஜீனா, இதென்னடி பெரிய பருந்து மாதிரிக் கிடக்கு? வெள்ளைத் தலை எங்க?"

ஐந்து வயதில்தான் தலை வெளுக்கும் என்று ஹெலன் சொன்னாள்.

"அதுக்குள்ள என்ர பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்! எடியே, நீ கொம்பியூட்டரில வெள்ளை அடிச்சு விடு. ஆல்பத்தில என்ர தலைக்குக் கறுப்பு அடிக்கிறாய் தானே, அதுகளின்ர தலைக்கு வெள்ளை அடிக்க ஏலாதோ?"

கழுகு அண்ணன்காரன் தலையைச் சாய்த்து றஜீனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் மரியாதை என்பது மருந்துக்கும் இல்லை. அவளுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

ஏற்பாடு இதுதான். ஏரிக்கரைக் கம்பத்தில் அண்ணன்காரன் இருப்பான். காலில் சின்ன வெல்வெட் பை, பையிலிருந்து தாலிக்கொடி கொஞ்சம் வெளியே தொங்கும். தண்ணீரின் ஒரு மூலைக்கு மேலாகப் பறந்து வந்து, தோல் கையுறை போட்ட நிஷாந்தின் கையில் இறைச்சித் துண்டுக்கு இறங்குவான். ஹெலன் முதலே சொல்லிவிட்டாள்: உண்மையான நகை வேண்டாம். அதற்கென்று மேரிசாந்தி கவரிங் கொடி ஒன்று கொண்டுவந்திருந்தாள்.

றஜீனா லென்ஸுக்குள்ளால் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சாந்தி, இது செத்த மஞ்சள். பெரிய திரையில போட்டால் பித்தளை எண்டு அப்பட்டமாத் தெரியும்."

மேரிசாந்திக்கு முகம் கறுத்தது. மாப்பிள்ளை வீட்டார் பித்தளை போட்டார்கள் என்று ஃபாரஸ்ட் கேட்டில் கதை வந்தால் என்னாகும்? இடமும் வலமும் பார்த்தாள். ஹெலன் தங்கைக்காரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மேரிசாந்தி கைப்பையைத் திறந்து, ஒரு கறுத்த சொக்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து அசலை உருவினாள். பதினொரு பவுன் கொடி, சிலுவையும் புறாவும் பதித்த தாலி. வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது என்று செபமாலைமுத்து அண்ணை நம்பிக்கொண்டிருந்த அதே தாலி. அடுத்த நாள் காலமை பத்து மணிப் பூசையில் பாதர் மந்திரித்துக் கொடுக்க, நிஷாந்த் அனோஜினியின் கழுத்தில் கட்டவேண்டிய தாலி.

"எடி விசரி, இதை ஏன் கொண்டந்தனீ?" என்றாள் றஜீனா.

"ஒரு காவலுக்குத்தான். ஒரே ஒரு தரம், றஜீனா. கண்ணை மூடித் திறக்கமுன்னம் முடிஞ்சிடும்."

அந்த இடத்தில் றஜீனா மாட்டேன் என்றிருக்கவேண்டும். ஆனால் பொன் என்றால் பொன்தான். லென்ஸுக்குள்ளே அது அப்படி மின்னியது! தொழில்காரியின் கண் அவளுடைய புத்தியை விழுங்கிவிட்டது. "கெதியாக் கட்டு" என்றாள்.

அண்ணன்காரன் கம்பத்திலிருந்து எழும்பினான். அடடா, என்ன எழுப்பம்! செட்டை இரண்டையும் விரித்தபோது ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வந்தான். தாலி கீழே ஆடிக்கொண்டு வந்தது. நிஷாந்த் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து லண்டன் மழை நாலு துளி போட்டது.

அனோஜினியின் மேக்கப்! மேரிசாந்தி வேறெதையும் யோசிக்கவில்லை. மருமகளின் தலைக்கு மேலே தன் பொன்னிறப் பெரிய குடையை 'டப்' என்று விரித்தாள்.

கழுகுக்குக் குடையைத் தெரியுமா, மேக்கப்பைத் தெரியுமா? ஏதோ ராட்சசப் பறவை செட்டை விரித்தது என்று நினைத்திருக்கும். நிஷாந்தின் கைக்கு முழம் தூரத்தில் சட்டென்று திரும்பி, ஏரிக்கு மேலே ஏறிவிட்டது. அண்ணன் போனால் தங்கை இருப்பாளா? ஹெலனின் கையை உதறிக்கொண்டு அவளும் பின்னாலே போனாள்.

"பயப்படவேண்டாம்" என்றாள் ஹெலன். இரண்டின் வாலிலும் சிக்னல் கருவி உண்டு, பசித்தால் வரும், போனாலும் போலிச் சங்கிலிதானே?

மேரிசாந்தி பட்டுச் சீலையோடு புல்லில் குந்திவிட்டாள். "அது போலியில்லை" என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில். ஹெலன் அதற்குச் சொன்ன ஒரு சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"இரவுக்குள்ள ஆர் தாலி செய்து தருவினம்? பாதருக்கு என்ன சொல்லுறது? கட்டமுதலே பறந்த தாலி எண்டு பொம்பிளை வீட்டுச் சனம் சொல்லாதோ? இவர் என்னைக் கொன்றுபோடுவார்!" மேரிசாந்தி அழத் தொடங்கினாள். நிஷாந்த் கையுறையைக் கழற்ற மறந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

செத்த மஞ்சள் என்று சொன்ன வாய் றஜீனாவுடையது. பிள்ளைக்கு ஞானத்தாயாகக் கோயிலில் வாக்குக் கொடுத்ததும் அதே வாய். இப்போது செய்வதற்கு அவளிடம் இருந்தது கமெரா ஒன்றுதான். கண்ணை வைத்தாள். வெறும் ஆகாயம். திருப்பினாள். ஒரு வால். மறுபடி ஆகாயம்.

"அசையாதேங்கோ!" என்று ஏரியைப் பார்த்துக் கத்தினாள்.

பழக்கதோஷம். கழுகுகள் அசைந்தன. அனோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்குத் தாலி இல்லாமல் நிற்கப்போகிற பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சொறி அன்ரி, சொறி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் றஜீனாவின் கை இளகியது. வா என்று காத்திருந்தால் வராதுகள், கூடவே போகவேண்டும் என்று உடம்புக்கு விளங்கிவிட்டது. இடுப்பைத் திருப்பினாள், தோளைத் திருப்பினாள், அண்ணன்காரன் போன பக்கமெல்லாம் கமெராவும் போனது. அவன் தலைக்கு மேலே வந்தபோது கழுத்து வளையவில்லை. மல்லாக்கப் படுத்துவிட்டாள். முதுகெல்லாம் ஈரம். யாருக்கு வேண்டும்?

மேலே நடந்ததை என்னவென்று சொல்வது? குரங்கு கையில் பூமாலை என்பார்கள், இது கழுகு காலில் தாலிக்கொடி. அண்ணன்காரன் பறந்தபடியே குனிந்து அலகால் பையைப் பிய்த்தான். பை போனது, கொடி காலில் தொங்கியது. தங்கைக்காரி அதைக் கண்டுவிட்டாள். துரத்தினாள். அவன் சுழன்றான். அவள் கீழால் வந்து மல்லாந்து ஒரு நுனியைப் பிடித்தாள். பதினொரு பவுனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டும் வானத்தில் இழுபறி! மேகம் விலகி ஒரு கீற்று வெயில் வேறு. றஜீனாவின் விரல் பொத்தானை விட்டு எழும்பவில்லை. "மாதாவே, காப்பாத்து" என்று வாய் சொன்னது. அதே வாய் "ஐயோ, என்ன வடிவு, என்ன வடிவு" என்றும் சொன்னது. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அது பயக் கண்ணீரா சந்தோசக் கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொல்வானேன், இப்படி ஒரு சந்தோசத்தை அவள் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

இரண்டும் தீவு மரங்களுக்கு அங்காலே மறைந்தன. ஹெலன் விசில் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நல்ல பிள்ளைகள்போல ஒன்றன் பின் ஒன்றாக வந்து இறங்கின. கால்களில் ஒன்றும் இல்லை.

"போச்சு" என்றாள் மேரிசாந்தி. "கோதாரி விழுந்த குடை!"

"பொறு" என்றாள் றஜீனா.

எல்லாரும் அந்தக் கோதாரி விழுந்த குடைக்குக் கீழே நெருங்கி நின்று கமெராத் திரையைப் பார்த்தார்கள். றஜீனா ஒவ்வொரு படமாகப் பெருப்பித்தாள். இதில் கொடி அண்ணனின் காலில். இதிலும். இதில் தங்கையிடம் ஒரு நுனி. இதில் இரண்டு பேரிடமும் இல்லை. கொடி எங்கே? படத்தின் கீழ் ஓரத்தில் மஞ்சள் மயிர்போல ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே தண்ணீருக்குள் சாய்ந்த ஒரு வில்லோ மரம்.

"அந்தா!" நிஷாந்த் கையை நீட்டினான். தீவின் இடது கரையில் அதே மரம்.

சோடியின் உடுப்பு நனையக்கூடாது, ஹெலன் பறவைகளை விட்டு அசையக்கூடாது. ஆக அன்னப்பறவை வடிவில் செய்த மிதிபடகில் ஏறியவர்கள், ஐம்பது கடந்த இரண்டு பெண்கள். மேரிசாந்தி செபம் சொன்னாள், மிதிக்கவில்லை. படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.

"மிதியடி சாந்தி! மாதா வந்து மிதிக்கமாட்டா!"

"சீலை மாட்டுது!"

"தூக்கிச் செருகு! இங்க ஆர் உன்ர காலைப் பாக்கினம்?"

செருகினாள். மிதித்தாள். வில்லோ மரத்தடியில் பழைய கூடு ஒன்று குப்பையாக மிதந்தது. அதன் மேலே நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுத்த நீர்க்கோழி ஒன்று ராணிபோல நின்றது. அதன் காலடியில், சுள்ளிகளுக்கு நடுவில், சிலுவையும் புறாவும் மினுங்கின. மேரிசாந்தி கையை நீட்டினாள். நீர்க்கோழி நறுக்கென்று ஒரு கொத்துப் போட்டது. "கொத்து ராசாத்தி, இன்னும் ஒருக்காக் கொத்து!" என்று சொல்லிக்கொண்டே அவள் தாலியை எடுத்து, கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, றஜீனாவின் தோளில் விழுந்து அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். படகு தன்பாட்டில் சுற்றியது. கரையிலிருந்து பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் விசர் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

மறுநாள் பத்து மணிப் பூசையில் தாலி மந்திரிக்கப்பட்டது, கட்டப்பட்டது. "நல்ல பளபளப்பு" என்று செபமாலைமுத்து அண்ணை பக்கத்திலிருந்தவரிடம் பெருமைப்பட்டார். ஏன் பளபளக்காது? முதல்நாள் பின்னேரம் முழுக்க றஜீனா லென்ஸ் துடைக்கும் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கலியாணம் முடிந்து ஆல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யும்போதுதான் றஜீனா அந்த ஒரு படத்தை ஆறுதலாகப் பார்த்தாள். இரண்டு மண்ணிறக் கழுகுகள், முகத்துக்கு முகம், நாலு செட்டையும் விரிந்து ஆகாயத்தை அடைத்துக்கொண்டு, நடுவில் வெயில் பட்ட தங்கக் கொடி, கீழே ஏரி. அவள் ஆயுளில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கூட்டித் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இது ஒன்றுதான் கீழே இறங்கும். கண்டவர் கேட்டவரிடமெல்லாம் காட்டவேண்டும், தெருவில் போகிறவனைப் பிடித்து நிறுத்திக் காட்டவேண்டும் என்று நெஞ்சு துடித்தது. யாருக்குக் காட்டுவது? காட்டினால் தாலி பறந்த கதை வெளியே வரும்.

மேரிசாந்தி வந்தாள், அதை அழிக்கச் சொல்வதற்கென்றே வந்தாள். "எங்க, காட்டு. அழிச்சுப்போடு. என்ர கண் முன்னால அழி."

றஜீனா திரையைத் திருப்பினாள். விரல் அழிக்கும் பொத்தானில் இருந்தது. சிநேகிதிக்காக அழித்திருப்பாள், அது நிச்சயம். மனசு மட்டும் பிள்ளையைப் பறிகொடுப்பதுபோலக் கிடந்தது.

மேரிசாந்தி பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடியே..." என்றாள் கடைசியில், மெல்லமாக. "எனக்கு ஒண்டு பிரிண்ட் அடிச்சுத் தா. பெரிசா."

இப்போது அந்தப் படம் மேரிசாந்தியின் அறையில், அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், பட்டுச் சீலைகளுக்கு முன்னால் ஒட்டியிருக்கிறது. றஜீனா போன மாதம் தேத்தண்ணிக்குப் போனபோது, மேரிசாந்தி அவளை அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, அலுமாரியைத் திறந்து காட்டினாள். ஓரத்தில் பசை விட்டிருந்தது. அடிக்கடி திறந்து மூடுவதால் மூலை தேய்ந்தும் இருந்தது.

"ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி இதைத்தான் முதல் பாக்கிறன்" என்றாள் மேரிசாந்தி. "கலியாண ஆல்பம் சோபாவுக்குக் கீழ கிடக்கு. அதை ஒருத்தரும் இரண்டாம் தரம் திறக்கேல்லை."

றஜீனாவின் படமொன்றை யாரும் இப்படித் தேய்ந்துபோகும்வரை பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் மேரிசாந்திக்கு நீர்க்கோழியின் கொத்து ஞாபகம் வந்துவிட்டது. கையைக் காட்டினாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிலில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. "என்ன அங்க சிரிப்பு?" செபமாலைமுத்து அண்ணையின் குரல்.

"சீலை பாக்கிறம்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே வாயாக.

"சீலையில சிரிக்க என்ன கிடக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். அந்தச் சத்தம் தேயும்வரை இரண்டு பேரும் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு கிடந்தார்கள்.